பென்னாகரம் சாலையில் என் இரண்டாவது மின் ஸ்கூட்டர்

பழைய வண்டியைப் பற்றி முதலில் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஓட்டிப் பார்த்தால் அதுதான் நல்ல வண்டி. இப்போது வைத்திருக்கும் டிவிஎஸ் ஐக்யூபைவிட வேகம், திருப்பத்தில் சாயும் நேர்த்தி, இருட்டில் விளக்கின் வீச்சு எல்லாவற்றிலும் அது ஒரு படி மேலே. அப்படியிருந்தும் அதை விற்றுவிட்டு இதை வாங்கினேன். ஏன் என்று ஆசிரியர் அறையில் பதின்மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரே தடவை எழுதிவைத்துவிட்டால் தொண்டையாவது மிஞ்சும்.

நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. வீடு தருமபுரி நகரத்தில், பள்ளி பென்னாகரத்தைத் தாண்டி. போக 34 கிலோமீட்டர், வர 34. இண்டூரில் ஒரு டீ, அவ்வளவுதான் ஓய்வு. பெட்ரோல் ஸ்கூட்டரில் இந்தத் தூரத்தை ஓட்டிய காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் பங்கில் கொடுத்தேன். கணக்கு நோட்டு வைத்திருப்பவள் என்பதால் இந்த எண்ணிக்கையில் சந்தேகம் வேண்டாம்.

2022 மே மாதத்தில் என் முதல் மின் ஸ்கூட்டரை வாங்கினேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதே வண்டியைச் சேலத்தில் வைத்திருக்கும் என் தங்கை ஒரு குறையும் இல்லாமல் ஓட்டுகிறாள். என் அனுபவத்தை வைத்து அவள் வண்டியைப் பழிப்பது நியாயமில்லை. மின் வண்டிகளுக்கு மத்திய அரசு தரும் ஃபேம் மானியம் அப்போது பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 15,000 ரூபாய் என்று தாராளமாக இருந்தது. தமிழ்நாட்டில் சாலை வரியும் இல்லை. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தாக டிஎன் 29 என்று மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போன முதல் நாள், ஆறாம் வகுப்புப் பையன்கள் வண்டியைச் சுற்றி நின்று சைலன்சரைத் தேடினார்கள். இல்லாத ஒன்றைக் காட்டிப் பாடம் நடத்துவது எளிதல்ல. அன்று அறிவியல் வகுப்பு முழுவதும் அதிலேயே போயிற்று.

இரண்டு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. இதையும் சொல்ல வேண்டும்.

தொந்தரவு வண்டியில் ஆரம்பிக்கவில்லை, கடையில் ஆரம்பித்தது. தருமபுரியில் எனக்கு வண்டி விற்ற அந்தச் சிறிய கடை 2024 பொங்கல் விடுமுறைக்கு மூடியது. மூடியதுதான், பிறகு திறக்கவே இல்லை. பிப்ரவரியில் போய்ப் பார்த்தபோது பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு துளைகள் மட்டும் இருந்தன. அடுத்த மாதம் அங்கே ஒரு பிரியாணிக் கடை வந்தது. இலவச எண்ணில் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "உங்கள் பகுதிக்கான சேவை மையம் சேலம், மேடம்" என்றார் ஒரு பெண். என் பகுதி எது என்பதை எவ்வளவு சுலபமாக மாற்றிவிட்டார்கள்! தருமபுரியிலிருந்து சேலம் 65 கிலோமீட்டர், நடுவில் தொப்பூர் கணவாய். அந்த இறக்கத்தில் லாரிகள் எப்படி வரும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஸ்கூட்டரில் அந்த வழியாகப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

அந்த வருடம் ஜூனில் பள்ளி திறந்த இரண்டாம் வாரம், ஓர் இரவு வண்டி சார்ஜ் ஏற மறுத்தது. செருகும் துளைக்குள் ஒரு முனை சூட்டில் கறுத்து உருகியிருந்தது. பேட்டரியில் 22 சதவீதம். அது என்னைப் பள்ளிக்கும் கொண்டுபோகாது, சேலத்துக்கும் கொண்டுபோகாது. நிறுவனத்தின் இழுவை வண்டிக்குப் பதிவு செய்துவிட்டு நான்கு நாள் காத்திருந்தோம். ஐந்தாம் நாள் வீட்டுக்காரர் ஒரு குட்டியானையைப் பேசிக்கொண்டு வந்தார். இரண்டாயிரத்து இருநூறு ரூபாய், ஏற்றி இறக்க இருநூறு தனி. புகை விடாத வண்டியை டீசல் புகை விடும் வண்டியில் கயிறு போட்டுக் கட்டி, தொப்பூர் வழியாகக் கொண்டுபோனோம். ஓட்டுநர் தம்பி பாளையம் சுங்கச்சாவடி வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது கரண்டு வண்டிதானே, பின்னே எதற்கு என் வண்டி?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

சேலத்தில் நன்றாகத்தான் நடத்தினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள். உத்தரவாதக் காலம் பாக்கி இருந்ததால் துளையும் அதன் வயர்த் தொகுப்பும் இலவசம் என்றார்கள். உதிரிபாகம் வர ஒரு வாரம் ஆகலாம். ஒரு வாரம் பத்து நாளாயிற்று, பத்து நாள் "கிடங்கிலிருந்து கிளம்பிவிட்டது" ஆயிற்று, கிளம்பியது வேறு மாடலுக்கானது என்று பிறகு தெரிந்தது. மொத்தம் 41 நாள். என்னிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை, 41 நாளை வாங்கிக்கொண்டார்கள். அத்தனை நாளும் காலை ஆறரைக்கு வீட்டை விட்டு இறங்கி இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்குப் போனேன். காலை வணக்கக் கூட்டத்துக்குப் பதினொரு முறை தாமதம். தலைமையாசிரியர் ஒன்றும் சொல்லவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வண்டி ஆடி மாதம் திரும்பி வந்தது. அக்டோபரில் ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டுவிட்டது. வண்டி ஓடியது; எவ்வளவு வேகம், எவ்வளவு சார்ஜ் என்றுதான் தெரியவில்லை. அணைத்துப் போட்டால் வரும், மறுபடி போகும். இதற்காக மீண்டும் தொப்பூர் தாண்டப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்து என்ன வாங்குவது என்பதில் வீடு மூன்றாகப் பிரிந்தது. வீட்டுக்காரருக்குப் பெட்ரோலுக்கே திரும்பிவிட வேண்டும். கல்லூரியில் படிக்கும் மகனுக்கு ஏதர் ரிஸ்டா. அதை நானும் ஓட்டிப் பார்த்தேன். அகலமான இருக்கை, முன்பெட்டியையும் சேர்த்து 56 லிட்டர் இடம் என்கிறார்கள், விடைத்தாள் கட்டுகளோடு அலைகிற எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. நான் பார்த்த வகையின் விலைக்குக் கை நீளவில்லை. பஜாஜ் சேட்டக்கின் இரும்பு உடம்பைத் தட்டிப் பார்த்த என் அண்ணன் அதைத் தவிர வேறெதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

அக்கம்பக்கத்தார் எல்லோரும் சொன்ன ஒரு வாதம் எனக்குப் புரியவே இல்லை. "பக்கத்து மாவட்டத்திலேயே செய்கிறார்கள், பாகத்துக்குப் பஞ்சமா வரும்?" என்றார்கள். உண்மைதான், கிருஷ்ணகிரி மாவட்டம் இன்று மின் ஸ்கூட்டர் மாவட்டம். ஓசூரில் டிவிஎஸ், ஏதர். போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா. சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி. ஆனால் தொழிற்சாலை பக்கத்தில் இருப்பதால் பாகம் சீக்கிரம் வரும் என்பது, கிருஷ்ணகிரியில் விளைவதால் நமக்கு நல்ல மாம்பழம் மலிவாகக் கிடைக்கும் என்பது போலத்தான். நல்ல பழம் பெட்டியில் அடுக்கி லாரி ஏறிய பிறகு மிச்சம் தெருவுக்கு வரும். என் ஊர்ப் பட்டறையின் அலமாரியில் பாகம் இருக்கிறதா என்பது மட்டுமே எனக்குக் கேள்வி.

ஆகவே இந்த முறை ஷோரூமுக்குப் போகவில்லை. ஒரு சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, நான்கு ரோட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் டிவிஎஸ் கடையின் பின்பக்கம், சர்வீஸ் செய்யும் கொட்டகைக்குப் போனேன். எக்ஸெல் மொபெட்டுகளும் ஜூபிட்டர்களும் வரிசையாக நின்றன. நடுவில் மூன்று ஐக்யூப். நரைத்த மீசை வைத்த மேஸ்திரி ஒருவர், "வண்டி எங்கே டீச்சரம்மா?" என்றார். நான் டீச்சர் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை, கையில் குடையும் பையும் இருந்தால் இந்த ஊரில் தெரிந்துவிடும். வண்டி இன்னும் வாங்கவில்லை, கேள்வி கேட்க வந்தேன் என்றேன். மின் வண்டி பார்க்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? இரண்டு பேர், ஒருவர் விடுப்பில் போனால் மற்றவர் இருப்பார். சார்ஜ் ஏறும் துளை கைவசம் இருக்கிறதா? அவர் சிரித்துவிட்டு உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துவந்து காட்டினார். அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வாங்கப்போகும் வண்டியைத் தொடுவதற்கு முன் அதன் உதிரிபாகத்தைத் தொட்டவள் தருமபுரியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

டிவிஎஸ் என்றதும் எங்கள் வீட்டில் ஒரு நினைவு வரும். 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்தது. பின்னால் அப்பா அதில் ஒன்றைப் பழையதாக வாங்கினார். பட்டுக்கூட்டுச் சாக்கை அதில் கட்டிக்கொண்டு தருமபுரி அங்காடிக்குப் போவார். வண்டி பாதி வழியில் நின்றுவிட்டால் கூடு ஏலத்துக்கு நேரத்தோடு போய்ச் சேராது என்பதுதான் அவருடைய ஒரே கவலை. அது நின்றும் இருக்கிறது. ஆனால் நின்ற இடத்திலேயே யாராவது ஒருவர் பிளக்கைக் கழற்றித் துடைத்துக் கொடுத்துவிடுவார். அந்தக் கதையை வைத்து நான் வண்டி வாங்கவில்லை. வாங்கிய பிறகு அம்மாதான் அதை நினைவுபடுத்தினாள்.

2024 டிசம்பரில் 3.4 கிலோவாட் மணி பேட்டரி உள்ள ஐக்யூபை எடுத்தேன். மானியம் இதற்குள் பிஎம் இ-டிரைவ் என்று பெயரும் மாறி அளவும் சுருங்கியிருந்தது: கிலோவாட் மணிக்கு 5,000, அதிகபட்சம் 10,000. அதற்கும் ஆதாரோடு முகத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடியோடு ஒரு தடவை, கழற்றிவிட்டு ஒரு தடவை, வெளிச்சத்துக்கு வந்து ஒரு தடவை. ஆதார் படத்தில் இருப்பவள் பதினைந்து வருடம் இளையவள், கைபேசியைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய வண்டியை 38,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். அதற்கு நான் கொடுத்தது ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம். பழைய பெட்ரோல் வண்டிக்கு விலை சொல்ல ஊரில் பத்து பேர் உண்டு. பழைய மின் வண்டிக்குப் பேட்டரியின் ஆயுசைச் சொல்ல யாரும் இல்லை, அதனால் எல்லோரும் பாதிக்குக் கீழேயே ஆரம்பிக்கிறார்கள்.

நிறுவனம் மாறினால் இன்னும் ஒன்று மாறும். பெட்ரோல் வண்டி எதுவானாலும் பங்கு ஒன்றுதான். இங்கே பெரும்பாலும் ஒன்றின் சார்ஜர் இன்னொன்றுக்குச் சேராது. பழைய வண்டிக்காகப் போர்டிகோ சுவரில் தனி வயர் இழுத்து வைத்த 15 ஆம்பியர் பிளக் மட்டும்தான் என்னோடு தங்கியது. புதியதன் சார்ஜர் 650 வாட். அதற்கு அந்தப் பிளக் தேவைக்கு மேல். இரவுச் சாப்பாடு முடிந்ததும் செருகினால் கோலம் போட எழும்போது நிறைந்திருக்கும். சித்திரை வெயிலில் வந்த கையோடு செருகுவதில்லை, பேட்டரி ஆறட்டும் என்று இரண்டு மணி நேரம் விடுகிறேன்.

ஓட்டம் எப்படி? முதல் வாரம் கொஞ்சம் பயந்தேன். காரணம் என் கைப் பழக்கம். பழைய வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டாலே மோட்டார் டைனமோவாக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும், பேட்டரிக்கும் கொஞ்சம் திரும்பிப் போகும். வேகத்தடைக்கு முன் நான் பிரேக்கைத் தொடுவதே இல்லை. இதில் அந்த இழுப்பு மென்மையாக வைக்கப்பட்டிருக்கிறது. இடது கைக்கு இரண்டரை வருட ஓய்வுக்குப் பிறகு வேலை வந்தது. மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருப்பதால் பெல்ட் இல்லை, செயின் இல்லை, நீட்டி இறுக்கும் வேலையும் இல்லை. நெருக்கடியான இடத்தில் பின்னால் நகர்த்த ஒரு பொத்தான் உண்டு. பள்ளி வாசலில் சைக்கிள்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்போது அதன் அருமை தெரிகிறது. உச்ச வேகம் 78 என்கிறார்கள். எனக்கு அதில் இருபது அதிகம்.

ஒரு சார்ஜுக்கு 100 கிலோமீட்டர் என்பது நிறுவனத்தின் கணக்கு. என் கணக்கைச் சொல்கிறேன். எகானமி நிலையில், 50க்கு மேல் போகாமல், 68 கிலோமீட்டர் போய்வந்தால் மீதி 28 முதல் 31 சதவீதம். ஆடிக் காற்று எதிரே அடிக்கிற நாளில் 20 வரை இறங்கியிருக்கிறது. வீட்டுக்காரரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போனோம். இறங்கும்போது சதவீதம் அசையவே இல்லை, ஏறும்போது நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பென்னாகரத்தில் தெரிந்தவர் வீட்டில் ஒரு மணி நேரம் செருகிவிட்டுக் காபி குடித்துக் கிளம்பினோம். பள்ளியில் செருகலாமே என்று கேட்கிறார்கள். அரசு மின்சாரத்தில் சொந்த வண்டிக்குச் சார்ஜ் போட எனக்கு மனம் வரவில்லை.

மின் கட்டணத்தில்தான் நான் எதிர்பார்க்காத லாபம் வந்தது. எங்கள் வீட்டுச் செலவு இரண்டு மாதத்துக்கு 370 யூனிட் அளவில் இருக்கும். பழைய வண்டி அதன்மேல் 145 யூனிட் ஏற்றி 515க்குக் கொண்டுபோய்விடும். வீட்டு இணைப்பில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைக்கும் சலுகை விலையும் போய்விடும் என்பது பில் வந்த பிறகுதான் தெரியும். பதினைந்து யூனிட்டுக்காக முழுப் பில்லும் உசந்துவிடும். 2,200 ரூபாயைத் தாண்டியது. இப்போது வண்டிக்கு 122 யூனிட். மொத்தம் 492, பில் 1,800க்குள். இது வண்டியின் சாமர்த்தியமா, 65இல் ஓட்டியவள் 50இல் ஓட்டுவதாலா என்று கேட்டால், பாதிக்கு மேல் இரண்டாவதுதான் காரணம் என்பேன். மெதுவான வண்டி என்னை மெதுவாக்கியது, மின்வாரியம் அதற்குப் பரிசு கொடுத்தது. கணக்கு எடுக்க வரும் அதிகாரி மூன்று நாள் தாமதித்தால் 500ஐத் தாண்டிவிடுவோமோ என்ற பதற்றம் மட்டும் அந்த வாரத்தில் உண்டு. அந்த வாரம் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு ஓய்வு.

பதின்மூன்று மாதத்தில் 16,200 கிலோமீட்டர். சர்வீசுக்கு மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் விட்ட அன்றே எடுத்துவந்தேன். ஒரு முறை பின் டயரில் ஆணி. டியூப் இல்லாத டயர் என்பதால் சக்கரத்தைக் கழற்றாமல் இண்டூரிலேயே அடைத்துக் கொடுத்துவிட்டார்கள், நூறு ரூபாய். மோட்டார் உள்ள சக்கரத்தைக் கழற்ற அந்தப் பஞ்சர்க் கடைக்காரர் தயாராக இல்லை. "உள்ளே கரண்டு இருக்குமே அம்மா" என்று கொஞ்சம் தள்ளியே நின்று வேலை பார்த்தார். கடந்த மாதம் பிரேக் ஷூ மாற்றினேன். மேஸ்திரி அலமாரியிலிருந்து எடுத்தார், நாற்பது நிமிடம். அதில் இருபது நிமிடம் அவருடைய பேத்திக்கு எந்தப் பள்ளி நல்லது என்று பேசினோம்.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட வேண்டும். வண்டியில் ஒரு துடிப்பு வேண்டும் என்கிற இளவட்டங்கள் இதை ஓட்டினால் அத்தையின் வண்டி என்பார்கள். சரியாகத்தான் சொல்வார்கள். என் மகன் ஒரே ஒரு முறை எடுத்துப் போய்வந்து சாவியை மேஜைமேல் வைத்தான், பிறகு கேட்கவில்லை. ஒரே வீச்சில் சேலமும் போய்வர வேண்டும் என்கிறவர்கள் இதைவிடப் பெரிய பேட்டரி உள்ள ஐக்யூபின் எஸ்டி வகையைப் பார்க்கலாம், விலை அதிகம். தருமபுரியில் இல்லாமல் வேறு ஊரில் இருந்துகொண்டு நான் எழுதியதைப் படித்து இதை வாங்கப்போகிறவர்கள், தயவுசெய்து உங்கள் ஊர்க் கொட்டகைக்கு ஒரு காலை நேரம் போய்வாருங்கள். நான் பார்த்த மேஸ்திரி அங்கே இருக்கமாட்டார்.

பழைய வண்டியை வாங்கியவர் நல்லம்பள்ளிப் பக்கத்து இளைஞர், வீடுகளுக்கு வயரிங் வேலை செய்கிறவர். திரை இருண்டுவிடும் என்று சொல்லித்தான் விற்றேன். வீட்டுக்குக் கொண்டுபோய் முன்பலகையைக் கழற்றிப் பார்த்தாராம். தளர்ந்து கிடந்த ஓர் இணைப்பைச் சுத்தம் செய்து இறுக்கியதும் சரியாகிவிட்டதாம். செலவு பூஜ்யம். அதைப் போனில் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம்கூடப் பெருமை இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

போன வாரம் இண்டூருக்கு முன்னால் பின்பக்கம் ஒரு ஹாரன். தெரிந்த ஹாரன்தான், இரண்டரை வருடம் நானே அடித்தது. ஒதுங்கினேன். என் பழைய வண்டி, பின்னிருக்கையில் வயர்ச் சுருள் கட்டியிருந்தது. "டீச்சரம்மா, நல்லாயிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவர் தாண்டிப் போய்விட்டார். பதில் சொல்வதற்குள் புளியமர வரிசையின் திருப்பத்தில் அந்தப் பச்சைப் பலகை மறைந்துவிட்டது. நான் திரையைப் பார்த்தேன். வேகம் 47.